பாதாளம் வரை பாயும் பாடத்திட்டம்

பணம் பாதாளம் வரை பாயும் என்பது மற்ற ஊர்க்காரர்களுக்குப் பழமொழி. கொச்சியை ஒட்டிய எங்கள் ஏலூரில் அது பஸ் ரூட். பாதாளம் என்று நிஜமாகவே எங்களுக்கு ஒரு ஜங்ஷன் உண்டு. பெரியாற்றின் குறுக்கே ஷட்டர் வைத்த பாலம், சுற்றிலும் தொழிற்சாலைகள், லாட்டரிக் கடை, மீன்காரர். 'பாதாளம், பாதாளம்' என்று பஸ்ஸின் விலாவில் தட்டிக்கொண்டே, இங்கே 'கிளி' என்று அழைக்கப்படும் கிளீனர் கூவுவான். முதன்முதலாகத் திருச்சியிலிருந்து வந்த என் சித்தப்பா, 'எனக்கு இப்போதைக்கு அவசரமில்லப்பா' என்று சீட்டை விட்டு எழுந்திருக்கவே இல்லையாம்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் மட்டாஞ்சேரியிலிருந்து வந்தாள். ஹைகோர்ட் ஜெட்டியில் வாட்டர் மெட்ரோ ஏறி, சவுத் சித்தூரில் மாறி, ஏலூரில் இறங்கி. பி.எட். முடித்துவிட்டு ஒரு பள்ளியில் தினக்கூலி டீச்சராக இருக்கிறாள். 'தினக்கூலி டீச்சர்' என்ற சொல்லுக்கு இப்போதெல்லாம் யாரும் கூச்சப்படுவதில்லை. கொத்தனார் மாதிரி, சித்தாள் மாதிரி அதுவும் ஒன்று. கொத்தனாராவது கூலியைப் பேரம் பேசுவார்.

அவளுக்கு ஆசை, கல்வித் தொழில்நுட்பத்தில் ஒரு முதுகலைப் பட்டம். கையில் போன், போனுக்குள் பிடிஎஃப், பிடிஎஃப்புக்குள் 4 செமஸ்டர், 16 விருப்பப் பாடங்கள்.

"மாமா, இதுல நாலு எடுக்கணும். எதை எடுக்கட்டும்?"

31 வருஷம் பள்ளியில் குப்பை கொட்டியவன் நான். அதில் 19 வருஷம் ஆடியோ விஷுவல் ரூமின் சாவி என் இடுப்பில் இருந்தது. அதனால் ஆள் தெரிந்துதான் கேட்டாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாங்கிப் பார்த்தேன். ஈ-கன்டென்ட் டெவலப்மென்ட், இன்ஸ்ட்ரக்ஷனல் டிசைன், கேமிஃபிகேஷன், லேர்னிங் அனலிடிக்ஸ், மொபைல் லேர்னிங், மெய்நிகர் வகுப்பறை, செயற்கை நுண்ணறிவும் கற்றலும். ஒவ்வொன்றும் பொட்டு வைத்துப் பூ முடித்து வரிசையில் உட்கார்ந்திருந்தது.

தமயந்தியின் சுயம்வரத்தில் ஐந்து நளன்கள் வந்து நின்றார்கள். நான்கு பேர் தேவர்கள், ஒருவன்தான் மனுஷன். யாருடைய கால் தரையில் பாவுகிறது, யாருடைய கண் இமைக்கிறது என்று பார்த்து அவள் ஆளைக் கண்டுபிடித்தாள். இங்கே பதினாறு பேர். நானும் மேலிருந்து கீழ்வரை கால்களைத்தான் தேடினேன்.

கீழே போனதும் கால் அகப்படவில்லை, நட்சத்திரம் அகப்பட்டது. பட்டியலுக்கு அடியில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், ஒரு நட்சத்திரக் குறி: 'குறைந்தது 15 மாணவர்கள் தேர்ந்தெடுத்தால் மட்டுமே, ஆசிரியர் இருப்பைப் பொறுத்து, இப்பாடம் நடத்தப்படும்.' நிமிர்ந்து பார்த்தால் பதினாறு பாடத்தில் பதினைந்துக்கு அந்த நட்சத்திரம். அத்தனை நட்சத்திர தோஷத்தை நான் எந்த ஜாதகத்திலும் பார்த்ததில்லை. தோஷமில்லாத ஒரே வரன் ஈ-கன்டென்ட் டெவலப்மென்ட். அக்கா மகள் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறாள். எடுத்த ஆள் நல்ல மனுஷர், உண்மையைச் சொல்லிவிட்டார்: "மோளே, ஏதாயாலும் இட்டோ. ஒடுவில் ஈ-கன்டென்ட் தன்னே." எதைப் போட்டாலும் கடைசியில் ஈ-கன்டென்ட்தான் என்று அர்த்தம்.

பல்கலைக்கழக மானியக் குழு 2015 வாக்கில் விருப்பத் தேர்வு முறையைக் கொண்டுவந்தபோது, மாணவர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம், இது 'கேஃப்டீரியா' முறை என்று தன் வழிகாட்டுதலிலேயே எழுதியது. எழுதியவர் எந்த கேஃப்டீரியாவில் சாப்பிட்டாரோ. எங்கள் பக்கத்தில் சின்ன ஹோட்டல் வாசலில் 'ஊணு ரெடி' என்று பலகை வைப்பார்கள். சோறு தீர்ந்ததும் பலகையை உள்ளே எடுத்து வைத்துவிடுவார்கள். அந்த நாணயம் எந்தப் பல்கலைக்கழகத்து பிடிஎஃப்புக்கும் இல்லை. அங்கே பதினாறு பதார்த்தத்தின் பெயரும் வருஷம் முழுக்கத் தொங்கும், அடுப்பில் இருப்பது உப்புமா.

அப்புறம் 2020 இல் புதிய கல்விக் கொள்கை வந்தது. கிரெடிட்டை வங்கியில் போட்டு வைக்கலாமாம். படிப்புக்கு வாங்கிய கடனும் வங்கியில், படித்ததற்குக் கிடைத்த கிரெடிட்டும் வங்கியில். முன்னதற்கு மட்டும் வட்டி உண்டு. 2021 இலிருந்து ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை 'ஸ்வயம்' தளத்தில் வீடியோ பார்த்தே முடிக்க அனுமதி. மாணவருக்குச் சுதந்திரம் என்று அறிக்கை விட்டார்கள். ஓய்வு பெற்றவரின் நாற்காலியில் ஆள் போடாமல் பத்து வருஷம் தள்ளும் நிர்வாகத்துக்கு இதைவிடப் பெரிய சுதந்திரம் வேறென்ன? காலிப் பணியிடத்தின் கழுத்தில் யூடியூப் மாலை போட்டதுதான் இந்த ஸ்வயம்வரம்.

சரி, உப்புமாதான் என்றால் உப்புமாவாவது ஒழுங்காகக் கிண்டுகிறார்களா என்று, கட்டாயமாகிவிட்ட அந்தப் பாடத்தின் அலகுகளைப் பிரித்தேன். முதல் அலகிலேயே என் பழைய சிநேகிதர் சிரித்துக்கொண்டு நின்றார். எட்கர் டேலின் அனுபவக் கூம்பு.

பி.எட். படித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, விடிய விடிய வரைந்த முக்கோணம். படிப்பதில் 10 சதவீதம் நினைவில் நிற்கும், கேட்பதில் 20, பார்ப்பதில் 30, பார்த்துக் கேட்பதில் 50, செய்வதில் 90. அக்கா மகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கந்தசஷ்டி கவசம் மாதிரி ஒப்பிப்பாள். டேல் என்பவர் மெய்யாகவே 1946 இல் ஒரு புத்தகம் எழுதினார், அதில் கூம்பும் போட்டார். அந்தக் கூம்பில் ஒரு சதவீதம்கூடக் கிடையாது. எண்களைப் பிற்பாடு யாரோ கொண்டுவந்து ஒட்டினார்கள். 1967 இல் சினிமாக் கருவி வியாபாரத்துக்கான ஓர் இதழில், எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவர் எழுதிய கட்டுரையில் அவை தலைகாட்டின. எந்த ஆய்வில் எடுத்தது என்று அதில் ஆதாரம் இல்லை. மனுஷ மூளை பத்து பத்தாக, சந்தையில் கொத்தமல்லிக் கட்டு விற்பதுபோல, ரவுண்டாக ஞாபகம் வைத்துக்கொள்ளுமா என்று ஒருத்தருக்காவது சந்தேகம் வர வேண்டாமா? வரவில்லை. கன்னியாகுமரியிலிருந்து காசர்கோடு வரை, அரை நூற்றாண்டாக, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிச் சுவர்களில் அந்தப் பொய் கோந்து போட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. அதற்கு அக மதிப்பெண் வேறு.

'பார்த்தால் படியும், கேட்டால் பதியும்' என்று குழந்தைகளை ரகம் பிரிக்கும் கற்றல் பாணி விஷயமும் இதே குலம்தான். அந்த மாதிரி ரகம் பிரித்துச் சொல்லிக்கொடுத்தால் பலன் உண்டு என்பதற்குச் சான்று இல்லை என்று உளவியலாளர்கள் 2008 இலேயே ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். பாடத்திட்டக் குழுவுக்குச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை. கல்வித் தொழில்நுட்பம் படித்தவர்கள் இல்லையா, தபாலில் அனுப்பியிருக்க வேண்டும்.

இப்போது சாவிக்கு வருகிறேன். ஆடியோ விஷுவல் ரூமின் கதவைத் திறந்தால் இந்திய அரசின் அரை நூற்றாண்டுக் கனவுகள் தூசிக்குள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். 1986 கல்விக் கொள்கையின் புண்ணியத்தில் வந்த கலர் டிவி, அட்டைப்பெட்டியோடு. ரேடியோவும் டேப்ரெக்கார்டரும் சேர்ந்த பெட்டி ஒன்று. பல்பு போன ஓவர்ஹெட் புரொஜெக்டர். ஃபிளாப்பி டிஸ்க் நூறு, உறை பிரிக்காமல். அந்த டிவியை நாங்கள் வகுப்பில் போட்டதே இல்லை என்று சொன்னால் சிரிப்பீர்கள். காரணம் மின்சாரமும் அல்ல, ஆன்டெனாவும் அல்ல. ஸ்டாக் ரிஜிஸ்டர். அதில் கையெழுத்துப் போட்டவன் நான். டிவி உடைந்தால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள்; உடையாமல் மக்கிப்போனால் யாரும் கேட்க மாட்டார்கள். வருஷாவருஷம் ஆடிட்டர் வருவார், பெட்டியைத் தட்டிப் பார்ப்பார், 'இருக்கு' என்று டிக் அடிப்பார். அந்த டிவியை அதிகம் பயன்படுத்தியது அவர்தான். கடைசியில் அதைக் கண்டம் செய்ய ஃபைல் போட்டு, உத்தரவு வர நாலு வருஷம். வாங்குவதற்கு ஒரு கையெழுத்து, தூக்கிப் போடுவதற்கு ஒன்பது.

இது என் ஒரு அறையின் கதை என்று நினைத்தால் தப்பு. 1975 ஆகஸ்ட் முதல் ஒரு வருஷம், 6 மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு வானத்திலிருந்து டிவி பாடம் வந்தது. உலகமே வியந்த சோதனை. செயற்கைக்கோள் அமெரிக்காவின் நாசா இரவல் கொடுத்தது. வருஷம் முடிந்ததும் இரவல் பாத்திரத்தைத் திருப்பிக் கேட்டார்கள், கொடுத்துவிட்டோம். 1984 இல் பள்ளிகளுக்குக் கணினி என்று பிபிசி மைக்ரோ வந்தது. 2004 செப்டம்பரில் கல்விக்கென்றே எஜுசாட். அதுவும் 2010 இல் கண்ணை மூடியது. மொட்டைமாடித் தட்டுகளில் புறாக்கள் குடும்பம் நடத்தின. 2011 அக்டோபரில் அன்றைய மனிதவள அமைச்சர் கபில் சிபல் ஆகாஷ் டேப்லெட்டைத் தூக்கிக் காட்டினார், உலகிலேயே மலிவு என்று. ஆகாஷ் என்றால் ஆகாயம். கால் எப்படித் தரையில் பாவும்?

அதே 2011 செப்டம்பரில் தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினி வந்தது. அதை நான் கேலி செய்ய மாட்டேன். வீட்டில் முதன்முதலாக ஒரு கணினி நுழைந்ததே அதனால்தான் என்கிற பிள்ளைகள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். ஆனாலும் மடிக்கணினியைத் திறக்கும் முன்பே முதல்வர் 'அம்மா'வின் முகம் தெரிய வேண்டும் என்று யோசித்த மூளை, திறந்த பிறகு உள்ளே எந்தப் பாடம் தெரிய வேண்டும் என்று அதில் கால்வாசியாவது யோசித்திருக்கலாம்.

பூட்டு நம் ஊர்ச் சொத்து மட்டுமில்லை. யுனெஸ்கோ 2023 இல் கல்வித் தொழில்நுட்பம் பற்றியே ஒரு பெரிய உலக அறிக்கை போட்டது. அமெரிக்காவில் பள்ளிகள் காசு கொடுத்து வாங்கிய கல்வி மென்பொருள் உரிமங்களில் மூன்றில் இரண்டு பங்கு தொடப்படவே இல்லை என்று அதில் இருக்கிறது. அங்கேயும் ஒரு வாத்தியார் இடுப்பில் சாவியோடு திரிகிறார் போலிருக்கிறது.

இத்தனை பிணங்கள் கிடக்கின்றன. பிணக்கூறு ஆய்வுக்கு ஒரு பாடம் உண்டா அந்தப் பதினாறில்? இந்தப் பெட்டியை யார் வாங்கினார்கள், யாரிடம் வாங்கினார்கள், யாருக்காக வாங்கினார்கள், இப்போது அது எங்கே கிடக்கிறது? நாலே கேள்வி. ஒரு செமஸ்டருக்குத் தாராளமாக வரும். டெண்டர் ஒன்றைக் கையில் கொடுத்து, எந்தக் கம்பெனிக்காக இந்த நிபந்தனை தைக்கப்பட்டது என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். செய்முறைத் தேர்வில் யுபிஎஸ் பேட்டரியைக் கழற்றி மாட்டச் சொல்லலாம். நாடு முழுக்க 2023-24 கணக்கெடுப்புப்படி, ஓடுகிற கணினி உள்ள பள்ளிகள் 57 சதவீதம், இணையம் உள்ளவை 54. பாக்கிப் பள்ளிகளில் கேமிஃபிகேஷனை எதில் செய்வது, பல்லாங்குழியிலா? செய்தால் நல்லதுதான். அதற்கும் ஒரு பாடம் இல்லை.

மண்ணிலேயே கிடந்த தொழில்நுட்பம் ஒன்று நம்மிடம் இருந்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி விரலால் எழுதுவது, கற்ற பையன் கல்லாத பையனுக்குச் சொல்லிக்கொடுப்பது, மேற்பார்க்கச் சட்டாம்பிள்ளை. சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் இல்லம் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இதைப் பார்த்து, தானும் செய்து பார்த்து, 1797 இல் லண்டனில் நூலாகப் போட்டார். 'மெட்ராஸ் சிஸ்டம்' என்று பெயர் சூட்டி இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகள் பலவும் அதை எடுத்துக்கொண்டன. அதாவது கல்வித் தொழில்நுட்பத்தை நாம் ஏற்றுமதி செய்த காலம் ஒன்று உண்டு. மூலதனம் ஒரு கூடை மணல், உரிமக் கட்டணம் பூஜ்யம். நான் பார்த்த பாடத்திட்டத்தில் புறாவுக்குத் தானியம் போட்டுப் பழக்கிய ஸ்கின்னருக்கு ஓர் அலகு முழுதாக இருக்கிறது. மெட்ராஸுக்கு ஒரு வரி இல்லை. மணலில் கமிஷன் அடிக்க முடியாது என்று சொல்ல வந்தேன். ஆற்று மணல் நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டேன்.

இன்றைக்கு வகுப்பிலிருக்கும் ஆசிரியருக்குக் கல்வித் தொழில்நுட்பம் என்றால் என்ன? மாணவர் விவரத் தளங்கள்: தமிழ்நாட்டில் எமிஸ், இங்கே சம்பூர்ணா. பிள்ளை வந்தானா, சாப்பிட்டானா, செருப்பு வாங்கினானா, பதிவேற்று. சர்வர் இழுக்கிறது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர் கத்திக்கொண்டிருக்க, சிக்னல் கிடைக்கும் வேப்பமரத்தடியில் டீச்சர் போனை வானத்துக்கு உயர்த்திப் பிடித்து நிற்கிறார், சூரிய நமஸ்காரம் மாதிரி. அவரை அந்த மரத்தடியிலிருந்து வகுப்புக்குத் திருப்பி அனுப்பும் வழி எந்தப் பாடத்தில் வருகிறது? 'லேர்னிங் அனலிடிக்ஸ்' என்ற பாடத்தில், அவர் மரத்தடியில் நின்ற நேரமும் தரவாகச் சேரும், அவ்வளவுதான்.

தரவு என்றதும் ஒன்று. ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் 2022 இல் 49 நாடுகளின் 160க்கும் மேற்பட்ட கல்விச் செயலிகளையும் தளங்களையும் சோதித்தது. 89 சதவீதம், பிள்ளைகளை வேவு பார்த்தன அல்லது வேவு பார்க்க வழி விட்டன. அந்தப் பட்டியலில் நம் ஒன்றிய அரசின் 'தீக்ஷா'வும் உண்டு. லட்சக்கணக்கான ஆசிரியர், மாணவர் விவரங்கள் தீக்ஷாவிலிருந்து பூட்டில்லாமல் திறந்து கிடந்தது 2023 இல் செய்தியானது. ஒரு ஓட்டை டிவிக்கு 19 வருஷம் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். பிள்ளைகளின் ஜாதகத்துக்கு ஒரு கொண்டி மாட்ட ஆளில்லை.

"இதையெல்லாம் படிச்சா கம்பெனியில வேலை கிடைக்கும்ங்கறாங்க மாமா" என்றாள்.

கம்பெனி! கண்ணூர் அழீக்கோட்டுப் பிள்ளை ஒருவர் 2011 இல் தொடங்கிய பைஜூஸை விடவா பெரிய கம்பெனி வேண்டும்? 2022 இல் அதன் மதிப்பு 2,200 கோடி டாலர் என்றார்கள். இந்திய கிரிக்கெட் அணியின் மார்பில் அதன் பெயர். கத்தார் உலகக் கோப்பை மைதானத்தில் அதன் பலகை. மெஸ்ஸி அதன் தூதர். பெருந்தொற்றில் பிள்ளைகள் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தபோது 30 கோடி டாலருக்கு ஒயிட்ஹேட் ஜூனியரை வாங்கியது. அந்தக் கம்பெனியின் விளம்பரத்தில் ஒரு பையன் வந்தான், வுல்ஃப் குப்தா. கோடிங் கற்றுக் கோடிகளில் சம்பளம் வாங்கினான். விளம்பரத்துக்கு விளம்பரம் வயதும் சம்பளமும் மாறின. தேடிப் போனால் அப்படி ஒரு பையனே பூமியில் இல்லை. இல்லாத ஒரு பிள்ளையைக் காட்டி, இருக்கிற பிள்ளைகளின் அப்பன்மாரைத் தூங்கவிடாமல் செய்தார்கள். ஈஎம்ஐ போட்டு வாங்கினவர்களில் ஆட்டோ ஓட்டுகிறவர்கள் இருந்தார்கள். 2022 அக்டோபரில் 2,500 பேரை வீட்டுக்கு அனுப்பப் போவதாகக் கம்பெனி அறிவித்தது. திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் இருந்த ஊழியர்கள் அமைச்சர் சிவன்குட்டியிடம் போய் முறையிட்டார்கள். அப்போது அவர் கையில் இரண்டு துறை: பொதுக்கல்வி, தொழிலாளர் நலன். கல்வித் தொழில்நுட்பம் எந்தக் கதவில் நுழைந்து எந்தக் கதவு வழியாக வெளியே வருகிறது என்று தெரிந்துகொள்ள அந்த ஒரு அறை போதும். 2024 ஜூலையில் திவால் நடவடிக்கை தொடங்கியது. 158 கோடி ரூபாய் பாக்கி என்று வழக்குப் போட்டது யார் தெரியுமா? சட்டையில் பெயர் போட இடம் கொடுத்த அதே கிரிக்கெட் வாரியம். சட்டைக்காரன் பாக்கிக்கு வழக்கு உண்டு. ஆட்டோக்காரர் பாக்கிக்கு எந்த பெஞ்ச்?

சிரித்தது போதும். 2020 ஜூன் 1 இல் கேரளத்தில் 'ஃபர்ஸ்ட் பெல்' அடித்தது. பள்ளிகள் மூடிக் கிடக்க, விக்டர்ஸ் சேனலில் பாடம். விக்டர்ஸ் 2005 இல் அப்துல் கலாம் தொடங்கிவைத்தது. இங்கே அரசுப் பள்ளிகள் காசு கொடுத்து மென்பொருள் வாங்காமல் கட்டற்ற மென்பொருளில் ஓடுகின்றன. ஆசிரியர்களே பாடம் தயாரித்தார்கள். இந்தியாவில் இதைவிட ஒழுங்காக யாரும் செய்யவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். அப்படி ஒழுங்காகச் செய்த இடத்தில், முதல் நாளே, மலப்புறம் மாவட்டத்தில் 9 ஆம் வகுப்புப் பெண் ஒருத்தி தன்னை மாய்த்துக்கொண்டாள். வீட்டு டிவி கெட்டிருந்தது. ரிப்பேர் பண்ணக் காசில்லை. ஸ்மார்ட்போன் இல்லை. அப்பா கூலித் தொழிலாளி. டிவியோ இணையமோ இல்லாத பிள்ளைகள் மாநிலத்தில் ஏறத்தாழ 2.6 லட்சம் என்ற கணக்கு அரசிடமே இருந்தது. மணியை அடித்துவிட்டுத்தான் காது இல்லாதவர்களைத் தேடத் தொடங்கினார்கள். பிறகு டிவிகள் பறந்தன, கட்சிகள் கொடுத்தன, சங்கங்கள் கொடுத்தன, போட்டோவும் எடுத்துக்கொண்டன. ஒரு டிவி மெக்கானிக் முந்தின நாள் போயிருக்கலாம். என் ரூமில் ஒரு டிவி, பெட்டி பிரிக்காமல் எத்தனை வருஷம் கிடந்தது என்று மேலே எழுதியிருக்கிறேன்.

'மொபைல் லேர்னிங்' பாடத்தின் அலகுகளை அன்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். வரையறை, வரலாறு, வகைகள், நன்மைகள், வரம்புகள். அந்தப் பெண் எந்த அலகில் வருவாள்? 'வரம்புகள்' என்பதில், இரண்டு மதிப்பெண் கேள்வியாக.

அக்கா மகள் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் இரண்டு பேருக்கும் கட்டன் சாயா போட்டுக்கொண்டு வந்தாள். அதற்குள் எனக்குத் தாத்தா ஞாபகம்.

தாத்தா திருச்சிப் பக்கத்து எலெக்ட்ரீஷியன். சர் சி.பி. ராமசுவாமி ஐயர் திருவிதாங்கூர் திவானாக இருந்தபோது திருச்சி சேஷசாயி சகோதரர்களைக் கூப்பிட்டு இங்கே உரத் தொழிற்சாலை வைக்கச் சொன்னார். 1943 இல் ஃபாக்ட் கம்பெனி பதிவானது, 1947 இல் உற்பத்தி தொடங்கியது. அந்தக் கூட்டத்தோடு வந்தவர் தாத்தா. அம்மோனியா செய்ய வாயு வேண்டும், அதற்கு நிலக்கரி வேண்டும். கேரளத்தில் நிலக்கரி ஏது? விறகை எரித்து வாயு எடுத்தார்கள். நாட்டின் முதல் பெரிய உரத் தொழிற்சாலை அடுப்பு விறகில் ஓடியது என்று தாத்தா சொல்லிச் சொல்லிப் பூரிப்பார். காட்டை எரித்த பாவம் தனிக் கணக்கு. ஆற்றுக்குச் செய்தது அதைவிடப் பெரிய கணக்கு. ஆனால் யந்திரத்தை இறக்கும் முன், 'இந்த மண்ணில் என்ன கிடைக்கும்' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கால் தரையில் பாவிய கேள்வி. கல்வித் தொழில்நுட்பம் என்ற பெயரில் இந்த நாட்டுக்குள் இறங்கிய எந்தப் பெட்டிக்கும் முன்னால் அந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

"மாமா, நீங்க கடைசியா ஸ்மார்ட் போர்டு போட்டுப் பாடம் எடுத்தீங்களே, அது நல்லா இருந்துச்சா?"

சொல்லியிருக்க வேண்டாம். சொல்லிவிட்டேன். நான் ரிட்டையர் ஆகும் வருஷம், ஏழாம் வகுப்பு, பாடம் நீர் மாசுபாடு. வீடியோ தயாராக இருந்தது, மிக அழகான அனிமேஷன். நீல ஆறு, சிரிக்கிற மீன்கள், ஒரு புகைபோக்கி, கறுப்புத் திரவம், மீன்கள் அழுகின்றன. அன்றைக்குக் காற்று ஆற்றுப் பக்கமிருந்து வீசிக்கொண்டிருந்தது. ஏலூர்க்காரர்களுக்கு அந்த வாடையை விளக்க வேண்டாம், வெளியூர்க்காரர்களுக்கு விளக்கி ஆகாது. பெரியாறு இங்கே சில நாள் சிவப்பாக ஓடும், சில நாள் கறுப்பாக. 2024 மே மாதம் 20 ஆம் தேதி ராத்திரி மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. வராப்புழையிலும் கடமக்குடியிலும் கூண்டில் மீன் வளர்த்தவர்கள் ஒரே ராத்திரியில் கடனாளி ஆனார்கள். தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்துவிட்டது என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அம்மோனியாவும் சல்ஃபைடும் இருக்கிறது என்றது மீன்வளப் பல்கலைக்கழகம். இது பிற்பாடு நடந்தது. நான் சொல்லும் நாளில் ஆறு வழக்கம்போல நாறிக்கொண்டு மட்டும் இருந்தது. வாடை தாங்காமல், திரையும் வெளிச்சத்தில் மங்கியதால், ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினேன். கொக்கி போட்டேன்.

வீடியோ ஓடியது. பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன், மீன்பிடிக்கும் வீட்டுப் பிள்ளை, எழுந்து நின்று, இது எந்த ஊர் ஆறு என்று கேட்டான். "சாரே, இது எவிடத்தெ புழையா?"

"என்ன பதில் சொன்னீங்க மாமா?"

"வீடியோவை ஸ்டாப் பண்ணி, கீழே ஊர் பேர் போட்டிருக்கான்னு தேடினேன்."

"ஜன்னலைத் திறக்கலையா?"

அலமாரியில் சயின்ஸ் லேபின் லிட்மஸ் தாள் ஒரு கட்டு இருந்தது. ஆறு முன்னூறு அடி தூரம்.

"திறந்தா திரை மங்கிடும்மா" என்றேன்.